கறுப்புக் காய் வந்தால்

கண்ணு, அடுத்த வாரம் உனக்கு முதல் ரேட்டிங் போட்டி என்று உன் அம்மா சொன்னாள். "ஓபனிங் ஏதாவது சொல்லிக் கொடுங்கள் அப்பா" என்றும் கேட்டாள். ஓபனிங் சொல்லித்தர உனக்குக் கோச் இருக்கிறார். என்னைவிட நன்றாகவே சொல்வார். நான் சொல்ல நினைப்பது வேறு. போட்டியில் ஏறக்குறைய பாதி ரவுண்டுகளில் உனக்குக் கறுப்பு வரும். வெள்ளையில் எப்படிப் பாய்வது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கறுப்பில் எப்படி உட்கார்ந்திருப்பது என்று சொல்லித்தர ஆள் குறைவு.

பலகை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படி. நான் சொல்வதில் பாதி ஒரே ஆட்டத்தைச் சுற்றித்தான் வரும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரின் செந்தோசா தீவில், உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டத்தில், குகேஷ் கறுப்புக் காய்களோடு டிங் லிரனை வென்ற ஆட்டம் அது. இதைவிட அழகான ஆட்டங்கள் நூறு உண்டு. குணம் படிக்க இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

1. பேரிங் பட்டியலில் உன் பெயருக்கு நேரே கறுப்பு என்று பார்த்ததும் முகத்தைத் தொங்கப் போடாதே. முதலில் ஆடுவதால் வெள்ளைக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நூறு புள்ளியில் 54, 55 வெள்ளைக்குப் போகிறது. மிச்சம் கறுப்புக்குத்தான். நம் பிள்ளைகளோ 90க்கு 10 என்பதுபோல நினைத்துக்கொண்டு பலகைக்குப் போகிறார்கள். வெள்ளைதான் முதலில் ஆட வேண்டும் என்பதே பிற்காலத்து ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டில் கறுப்பு முதலில் ஆடிய ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. சிங்கப்பூர் கணக்கையும் பார். பதினான்கு ஆட்டங்களில் ஐந்துதான் வெற்றி தோல்வி கண்டன. அந்த ஐந்தில் இரண்டு கறுப்பு ஜெயித்தது. முதல் நாள் ஜெயித்தவர் டிங், கடைசி நாள் ஜெயித்தவர் குகேஷ்.

2. முதல் ரவுண்டில் தோற்றால் போட்டி முடிந்துவிட்டது என்று எண்ணாதே. சிங்கப்பூரில் முதல் ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளை. உலகமே அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. டிங் பிரெஞ்சு டிஃபென்ஸ் ஆடி 42ஆவது மூவில் அவரைத் தோற்கடித்தார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். மறுநாள் கறுப்பு. பழி தீர்க்கப் பாய்ந்திருக்கலாம். பாயவில்லை, 23 மூவில் சத்தமில்லாமல் டிரா. அதற்கு அடுத்த நாள் வெள்ளையில் வென்று கணக்கைச் சமன் செய்தார். தோற்ற மறுநாள் கறுப்பு வந்தால் அரைப் புள்ளி வாங்கி எழுந்து நிற்பதே பெரிய காரியம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நம் முன்னோர் செஸ் பார்க்காமலே சொல்லிவைத்தார்கள்.

3. எதிராளி ஒரு மூவ் ஆடியதும், உன் மூவைத் தேடாதே. "இதை ஏன் ஆடினார்?" என்று முதலில் கேள். கறுப்பின் கல்வி இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் மிகக் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இந்தக் கேள்வியை மட்டும் கேட்கவே மாட்டான். அவனுக்கு எப்போதும் தன் திட்டம்தான். எதிரே இருப்பவர் வெறும் தடங்கல். வெள்ளையில் எட்டு, பத்து மூவ் வரை அது செல்லும், கறுப்பில் செல்லாது. முன்பெல்லாம் நாங்கள் மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, பலகையை இன்னொரு முறை பார்த்துவிட்டு ஆடுவோம். பாதிப் பிழைகள் அந்த ஒரு பார்வையில் பிடிபடும். இப்போது ஆடிய பிறகுதான் எழுத வேண்டும் என்று விதி. ஆகவே வேறு வழி செய்துகொள். யோசிக்கும்போது இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள். கை வெளியே வருவதற்குள் கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும்.

4. ஓபனிங் கொஞ்சமாகக் கற்றுக்கொள், கற்றதை விடாதே. ராஜா சிப்பாய்க்கு ஒரு பதில், ராணி சிப்பாய்க்கு ஒரு பதில். இரண்டு மூன்று வருடம் அதோடு வாழ். வாரம் ஒரு வீடியோ பார்த்து வாரம் ஒரு டிஃபென்ஸ் மாற்றுகிற பிள்ளைகளுக்கு எல்லா டிஃபென்ஸிலும் முதல் எட்டு மூவ் தெரியும். ஒன்பதாவது மூவில் எல்லாமே அந்நியம். 2010 மே மாதம் சோஃபியாவில் உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு வந்த கடைசி ஆட்டத்தை எடுத்துப் பார். எதிராளி டோபலோவின் சொந்த நாடு, டோபலோவுக்கு வெள்ளை, புள்ளி ஐந்தரைக்கு ஐந்தரை. ஆனந்த் எடுத்தது லாஸ்கர் டிஃபென்ஸ். உன் கொள்ளுத்தாத்தா காலத்து ஆட்டமுறை. காய்களை மாற்றிக்கொண்டு மூச்சு விட இடம் தேடுவது. அதில் புதுமை கிடையாது, உறுதி உண்டு. அந்த உறுதி போதுமாக இருந்தது.

5. வெள்ளைக்கு ஒரு வியாதி உண்டு. அதைத் தெரிந்து வைத்துக்கொள். முதலில் ஆடுவதாலேயே வெள்ளை வைத்திருப்பவருக்கு "நான் ஏதாவது செய்தாக வேண்டும்" என்ற அரிப்பு இருக்கும். அவரைவிட ரேட்டிங் குறைந்த பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தால் அரிப்பு இன்னும் கூடும். சோஃபியாவில் நடந்ததும் அதுதான். அந்த ஆட்டம் டிரா ஆனால் அடுத்து ரேபிட் டை-பிரேக். ரேபிடில் ஆனந்த் எப்படிப்பட்டவர் என்று டோபலோவுக்குத் தெரியும். அங்கே போக மனமில்லாமல் சமமான நிலையை இழுத்தார். 31, 32ஆவது மூவ்களில் தன் ராஜாவுக்கு முன்னால் தானே கதவைத் திறந்துவிட்டார். கறுப்பு ராணியும் பிஷப்பும் உள்ளே நுழைந்தன. 56ஆவது மூவில் கை கொடுத்தார். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியாகவே சோஃபியா போய்ச் சேர்ந்தவர் ஆனந்த். முதல் ஆட்டத்திலும் கறுப்பில் தோற்றவர். கடைசி நாளில் அவசரப்பட்டவர் அவரல்ல. எதிராளியின் அரிப்பை நீ தீர்த்து வைக்க வேண்டியதில்லை. அவரே சொறிந்துகொள்ளட்டும்.

6. இது எல்லாவற்றையும்விட முக்கியம், நிதானமாகப் படி. சமநிலையில் சலிப்படையாதே.

டிசம்பர் 12 ஆட்டத்தைச் சொல்கிறேன். பதிமூன்று ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிங்குக்கு வெள்ளை. பதினோராவது ஆட்டத்தில் தோற்று, பன்னிரண்டில் பிரமாதமாக வென்று, பதிமூன்றில் தோல்வியின் விளிம்பிலிருந்து தப்பி வந்திருந்தார். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு சிப்பாயைக் கொடுத்து, காய்களைக் குறைத்து, டிரா என்று புத்தகம் சொல்லும் இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார். டிரா ஆனால் மறுநாள் டை-பிரேக்; வேகமான ஆட்டங்களில் டிங்கின் கை ஓங்கும் என்று பலரும் நினைத்தார்கள். பலகையில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு மூன்று சிப்பாய், டிங்குக்கு இரண்டு, எல்லாம் ராஜா பக்கத்திலேயே. இந்த மாதிரி எண்ட்கேமில் நம் ஊர்ப் போட்டிகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் டிரா கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடும்.

குகேஷ் போகவில்லை. யானையை அந்தப் பக்கம் வைத்தார், இந்தப் பக்கம் வைத்தார். ராஜாவை நடுவுக்கு நடத்தினார். எந்த மூவிலும் மிரட்டல் இல்லை. ஆனால் ஒவ்வொரு மூவுக்கும் டிங் பதில் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. கடிகாரத்தில் டிங்குக்குச் சுமார் பத்து நிமிடம். குகேஷுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சமநிலை என்பது அடுப்பில் வைத்த பால் மாதிரி. ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் அது பொங்குகிற நேரம் தெரியும்.

55ஆவது மூவில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்து, மாற்றிக்கொள்ளலாம் என்றார். யானைகள் போயின. குகேஷ் தன் பிஷப்பை டி5ல் நிறுத்தினார். டிங்கின் பிஷப் ஏ8ல், மூலையில். அதற்கு ஒரே ஒரு சாய்வுக் கோடுதான் வழி. அந்த வழியில் இப்போது கறுப்பு பிஷப், அதற்குப் பின்னால் காவலுக்குக் கறுப்பு ராஜா. மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு போக்கு இல்லை. மாற்றினால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். அங்கே ஒரு சிப்பாய் கூடுதல் என்பது ஆட்டத்தையே கூடுதலாக வைத்திருப்பது. 58ஆவது மூவில் டிங் ரிசைன் செய்தார். ஏழரைக்கு ஆறரை.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிங் எஃப்2 ஆடியபோது அது பிழை என்று தனக்கு உடனே தெரியவில்லை என்று குகேஷே பிறகு சொன்னார். வேறு மூவ் ஆடவே இருந்தாராம். எதிராளி யானையை மாற்றலாம் என்கிறாரே, ஏன் என்று மறுபடி பார்த்தபோதுதான் மூலையில் இருந்த பிஷப் கண்ணில் பட்டது. மூன்றாவதாகச் சொன்னேனே, அந்தக் கேள்வி. சுமார் நான்கு மணி நேரம் ஓடிய ஆட்டம் அது, 54 மூவ் ஆடி முடித்த களைப்பு. அதற்குப் பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் உலகப் பட்டம்.

7. எதிராளியின் பிழையால் வந்த வெற்றியை வெட்கப்பட்டு வாங்காதே. சிங்கப்பூர் ஆட்டத்தையே "டிங் தூக்கிக் கொடுத்துவிட்டார், இதென்ன உலகப் பட்டத்துக்குரிய ஆட்டமா" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, பெரிய பெயர்களும் அதில் உண்டு. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. செஸ்ஸில் எந்த வெற்றியும் எதிராளியின் பிழை இல்லாமல் வராது. இரண்டு பேரும் சரியாகவே ஆடினால் டிராதான். கேள்வி, அந்தப் பிழை நேரும்போது நீ மேஜையில் இருந்தாயா, டிரா வாங்கிக்கொண்டு கேன்டீனில் இருந்தாயா என்பதே. அதே சமயம், அப்படி வந்த வெற்றியை உன் மேதைமை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரியாதே. உனக்கும் நாளைக்கு ஒரு எஃப்2 காத்திருக்கிறது.

8. பயத்தில் டிரா கேட்காதே. நிலையைப் பார்த்துக் கேள். கறுப்பில் சில பேருக்குச் சமநிலை வந்ததும் ஒரு நிம்மதி வந்துவிடும். "அப்பாடா, தப்பித்தோம்" என்று. எனக்கு இருந்த நோய் அதுதான். ஒரு மாநிலப் போட்டியில், என்னைவிடப் பெரிய ரேட்டிங்காரரிடம் அப்படித்தான் டிரா கேட்டேன். அவர் உடனே கை நீட்டினார். அவ்வளவு வேகமாக நீட்டினாரே என்று எழுந்த பிறகு பலகையைப் பார்த்தால், எனக்கு ஒரு சிப்பாய் லாபம், அவர் ராஜா வெளியே நின்றுகொண்டிருந்தது. டிரா கேட்பதற்கு முன் ஒரு சோதனை வைத்துக்கொள். இதே நிலை வெள்ளையில் வந்திருந்தால் டிரா கேட்பேனா? கேட்கமாட்டேன் என்றால் வாயை மூடிக்கொண்டு ஆடு.

9. என்ஜின் சொல்லும் எண்ணை அளவோடு நம்பு. வீட்டில் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கும்போது அது பூஜ்யம் என்று காட்டும். நீயும் அங்கே எதுவுமே இல்லை என்று எண்ணி அடுத்த மூவுக்குப் போய்விடுவாய். சிங்கப்பூரில் 54ஆவது மூவ் வரை எல்லா என்ஜினும் டிரா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது தப்பும் இல்லை. எதிரே இருப்பவருக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, உனக்குத் தெரியும். முதலில் உன் தலையால் ஆராய்ந்து ஸ்கோர் ஷீட் ஓரத்தில் எழுது. பிறகு என்ஜினைத் திற.

10. கடிகாரமும் ஒரு காய். சிங்கப்பூரில் மூன்றாவது ஆட்டத்தில் டிங் 37ஆவது மூவில் நேரம் தீர்ந்தே தோற்றார். முதல் 40 மூவுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். உலக சாம்பியனுக்கே அது போதவில்லை. உனக்குக் கொடுப்பது அதைவிடக் குறைவு. கறுப்பில் முதல் பதினைந்து மூவ் தெரிந்த பாதையில் போனால் வேகமாகப் போ; சேமித்த நேரம் பின்னால் உதவும். ஆனால் எதிராளி நேரம் இல்லாமல் தவிக்கும்போது நீயும் அவரோடு சேர்ந்து படபடவென்று ஆடாதே. இதை எத்தனை பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்! நாற்பது நிமிடம் கையில் வைத்துக்கொண்டு, எதிராளியின் இரண்டு நிமிடத்துக்குப் பதறி, அவருக்கு முன்னால் இவர்கள் காயை விடுவார்கள். பதறாத காரியம் சிதறாது.

11. பெரிய பெயரைப் பார்த்து ஆடாதே, பலகையைப் பார்த்து ஆடு. 2022 பிப்ரவரியில் பதினாறு வயதுப் பிரக்ஞானந்தா இணையவழி ரேபிட் போட்டியில் கார்ல்சனை வென்றபோது அவருக்கும் கறுப்புதான், 39 மூவ். 1956ல் நியூயார்க்கில் பதின்மூன்று வயது பாபி ஃபிஷர் ராணியைக் கொடுத்து டொனால்ட் பைர்னை வென்ற ஆட்டமும் கறுப்பில்தான். அதை உன் கோச் காட்டியிருப்பார். அழகான ஆட்டம், பார்த்து ரசி. ஆனால் நாளைக்கே ராணியைக் கொடுக்கக் கிளம்பிவிடாதே. அந்த வெடி வருஷத்துக்கு ஒரு முறை வரும். 58 மூவ் உட்கார்ந்திருப்பது வாரம் தோறும் வரும்.

12. பலகை மரியாதை கற்றுக்கொள். தொட்ட காயை நகர்த்து, ஆர்பிட்டர் பார்க்கவில்லை என்றாலும் நகர்த்து. காயைச் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொடு. எதிராளி யோசிக்கும்போது வெட்டிய காயை மேஜையில் தட்டிக்கொண்டிருக்காதே; சில பிள்ளைகள் அதை ஒரு ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லித்தராத கோச்சுகள்மேல் எனக்குக் கோபம் உண்டு. சிங்கப்பூரில் டிங் கை கொடுத்துவிட்டுப் போன பிறகு குகேஷ் அழுதது உலகம் முழுக்கத் தெரியும். அதற்கு நடுவே அவர் செய்த ஒரு காரியத்தைப் பலர் கவனிக்கவில்லை. கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்கக் கட்டங்களில் அடுக்கி வைத்தார். காஸ்பரோவின் 22 வயதுச் சாதனையை முறியடித்து உலக சாம்பியனான பிள்ளைக்கு, அந்த நிமிடத்திலும் கை பழக்கத்தை விடவில்லை. பேட்டியிலும் முதலில் டிங்கைப் பற்றித்தான் பேசினார். கஷ்டமான காலத்தைத் தாண்டி வந்து உண்மையான சாம்பியனாக ஆடினார் என்று. டிங்கும் முடிவு நியாயமானதே, தனக்கு வருத்தமில்லை என்றார். இரண்டு பேருடைய பேட்டியையும் தேடிப் பார். டிங் பேசியதை இரண்டு தடவை பார்.

13. தோற்றால் எழுந்திருக்கத் தெரிய வேண்டும். ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய சென்னை டால் செஸ் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பிளிட்ஸில் ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அழுகையும் கிடையாது, விளக்கமும் கிடையாது. மறுபடி முறை வரும்வரை நின்று பார்க்க வேண்டும். நின்று பார்த்ததில் கற்றவர்கள்தான் அதிகம். உன் போட்டியில் வரிசை இல்லை, ஆனால் மண்டபத்துக்கு வெளியே அதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் அப்பா அம்மாக்கள். கதவு திறந்ததும் எல்லா முகமும் ஒரே கேள்வியோடு திரும்பும். ஜெயித்த பிள்ளை ஓடி வரும். தோற்ற பிள்ளை ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் அங்கேயே குனிந்து நிற்கும். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் தயிர்சாதத்தைக் கொடு, ஆட்டத்தைப் பற்றி அப்புறம் கேள் என்று. நீயும் நேராக நடந்து வா. ஸ்கோர் ஷீட்டைக் கசக்காமல் கொண்டு வா.

14. ஆட்டம் முடிந்ததும் எதிராளியிடம், "கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேள். வென்றிருந்தாலும் கேள். அவர் எதற்குப் பயந்தார், எங்கே தப்பித்ததாக நினைத்தார் என்று கேட்டால், உனக்குத் தோன்றவே தோன்றாத மூவ்கள் வெளிவரும். மறுக்கிறவர்களும் இருப்பார்கள், வற்புறுத்தாதே, கை கொடுத்துவிட்டு வா.

15. நாளைக்கே பலன் தேடாதே. 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, அந்த வருடம்தான் செஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கிய ஏழு வயதுக் குகேஷ் பார்வையாளர் கூட்டத்தில் உட்கார்ந்து கண்ணாடி அறைக்குள் இருந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பதினோரு வருடம். நீ அத்தனை தூரம் போக வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. போனால் தடுக்கவும் மாட்டேன். இந்த ஒரு போட்டியில், கறுப்பு வந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசிவரை மேஜையில் இருந்தாய் என்று தெரிந்தால் போதும்.

பேனா இரண்டு எடுத்துக்கொள். ஒன்று நடுவில் நின்றுவிடும். தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைக்காதே, காலடியில் வை. ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியே எல்லா ஸ்கோர் ஷீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கறுப்பில் ஆடியவற்றை முதலில் அனுப்பு, அதிலும் தோற்றதை முதலில்.